தொழுநோய்க் குடியிருப்புக்குப் போக நினைக்கும் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் தொழுநோய்க் குடியிருப்புகளுக்குச் சபைகளின் வேன்கள் வரத் தொடங்கும். கேக், போர்வை, ஐந்து கிலோ அரிசி, ஒரு ஜெபம், கடைசியில் எல்லோரும் நின்று ஒரு போட்டோ. ஜனவரி முடியும்போது வேன்கள் நின்றுவிடும். கொடுக்கிறவர்களின் மனத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் போர்வை குளிருக்கு உதவத்தான் செய்கிறது. ஆனாலும் அங்கே வாழும் முதியவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் அவர்களுடைய உண்மையான குறை தெரியவரும். உறவு சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து வைக்க ஆள் கிடையாது. ஒருவர் இறந்துபோனால் குடியிருப்புக்கு வெளியிலிருந்து தூக்க வருகிறவர்கள் அநேகமாக யாரும் இல்லை.

இந்த வழிகாட்டி பிப்ரவரியிலும் போக விரும்புகிறவர்களுக்கு. வாலிபர் ஐக்கியமாக இருந்தாலும், பெண்கள் ஐக்கிய சங்கமாக இருந்தாலும், எந்த அமைப்பும் இல்லாமல் கணவனும் மனைவியுமாகப் போக நினைத்தாலும் இதே படிகள்தான்.

மாற்கு சுவிசேஷத்தில் இரண்டு இடங்களை முதலில் வாசித்துவிடுங்கள். முதல் அதிகாரத்தில் ஒரு குஷ்டரோகி வந்து முழங்கால்படியிட்டுக் கேட்கிறான். இயேசு மனதுருகி, கையை நீட்டி அவனைத் தொடுகிறார். அவன் சுத்தமாவதற்கு முன்பே தொட்டார் என்பதைக் கவனியுங்கள். இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்டிருப்போம். 14ஆம் அதிகாரத்தில் வருவதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பெத்தானியாவில், குஷ்டரோகியாயிருந்த சீமோனின் வீட்டில் அவர் பந்தியிருக்கிறார். நாம் உடனே ஒரு பெண் அவர் தலையில் ஊற்றிய பரிமள தைலத்துக்குத் தாண்டிவிடுகிறோம். ஆனால் யார் வீட்டுச் சாப்பாடு அது? சிலுவைக்கு முந்தைய அந்த நாட்களில் இயேசு போய் விருந்தாளியாக உட்கார்ந்த வீடு அது. தொடுவதற்கு ஒரு நொடி போதும். ஒருவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கும் நமக்கும் ஓர் உறவு தொடங்கிவிடுகிறது. கொடுக்கப் போகிறவராகப் போகாமல் விருந்தாளியாகப் போங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்து பிறப்பவையே.

முதல் படி: நோயைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பயம் உள்ளே இருந்தால் கை நீளாது. ஜெபித்துவிட்டுப் போனாலும், உள்ளுக்குள் "ஒட்டிக்கொள்ளுமோ" என்ற எண்ணம் இருந்தால் அது முகத்தில் தெரியும். வாழ்நாளெல்லாம் அப்படிப்பட்ட முகங்களைப் பார்த்தவர்கள் அதை ஒரு கணத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் போவதற்கு முன்பே குழுவில் உள்ள எல்லோரும் கீழே உள்ளவற்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் அதைக் கண்டார். சாபத்தாலோ பரம்பரையாலோ கெட்ட நடத்தையாலோ வருவதில்லை. கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும். சிலருக்கு இருபது ஆண்டுகளும் ஆகலாம். மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே உண்டு. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு நீண்டகாலம் நெருங்கி வாழும்போது மூக்கு, வாய்த் துளிகள் வழியாகத்தான் அது பரவுகிறது. கைகுலுக்குவதால் வராது. சேர்ந்து சாப்பிடுவதாலும் பக்கத்தில் உட்காருவதாலும் வராது.

1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின் ஆகிய மருந்துகளை நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ எடுத்தால் நோய் தீரும். 1995 முதல் உலகெங்கும் இவை இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே அவரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடும்.

இதிலிருந்து முக்கியமான ஒன்று விளங்க வேண்டும். குடியிருப்புகளில் நீங்கள் சந்திக்கப்போகும் முதியவர்களில் பெரும்பாலோர் எப்போதோ குணமானவர்கள். மடங்கிய விரல்களும் காலில் உள்ள புண்ணும் பழைய நோய் நரம்புகளில் விட்டுச்சென்ற சேதத்தின் விளைவுகள். அந்தப் புண்ணில் தொழுநோய்க் கிருமி இருக்காது.

இந்த உண்மையை உலகுக்குத் தெளிவாக்கிய வேலை நம் வேலூரில் நடந்தது. பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றுதான் அதுவரை பரவலாக நம்பினார்கள். அவர் நோயாளிகளோடேயே இருந்து கவனித்தார். வலி தெரியாததால் சுடுபாத்திரத்தைத் தொடுகிறார்கள், முள் குத்தியதே தெரியாமல் நடக்கிறார்கள், அதனால் காயம் ஆறாமல் விரல் குறைந்துகொண்டே போகிறது என்று கண்டார். ஒரே இரவில் விரலின் ஒரு பகுதி காணாமல் போனதற்குக் காரணம், தூங்கும்போது எலி கடித்தது. அதன்பிறகு நோயாளிகள் பூனை வளர்க்கத் தொடங்கினார்கள். மடங்கிய கைகளை நிமிர்த்த, நல்ல தசைநார்களை இடம் மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சையையும் அவர் வளர்த்தெடுத்தார். 1955இல் அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது. அதே ஆண்டு செங்கல்பட்டுப் பகுதியின் பொலம்பாக்கத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த மருத்துவர்கள் ஹெமெரிக்ஸும் கிளேர் வெல்லூட்டும் சாலையோர மரத்தடிகளிலேயே சிகிச்சை தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். நோயாளி வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை, மருத்துவர் அவர் ஊருக்கு வருவார் என்பது அன்றைக்குப் பெரிய மாற்றம்.

நோய் முடிந்துபோன கதை என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற அளவை 2005 டிசம்பரில் எட்டிவிட்டதாக இந்தியா அறிவித்தது. ஆனால் இன்றும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் இந்தியர்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்படுகிறது. உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் நம் நாட்டில்தான்.

இரண்டாம் படி: போவதற்கு முன்

முதல் தடவை இரண்டு மூன்று பேர் போனால் போதும். வேன் வேண்டாம். குடியிருப்பு என்பது பிறருடைய வீடுகள் உள்ள தெரு. அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். பெரும்பாலான குடியிருப்புகளில் ஒரு சங்கமும் தலைவரும் இருப்பார்கள், அவரைப் பார்த்து, "நாங்க இன்ன சபையிலிருந்து வர்றோம், உங்களை எல்லாம் பார்த்துப் பேசிட்டுப் போகலாம்னு ஆசை, எப்போ வந்தா சௌகரியம்?" என்று கேளுங்கள். மருத்துவமனை வளாகத்து முதியோர் இல்லமாக இருந்தால் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள்.

போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள். போட்டோவும் வீடியோவும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். சபையின் வாட்ஸாப் குழுவில் போடும் ஒரு படம், வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய மகளின் வாழ்க்கையை உடைத்துவிடக்கூடும். இதை நான் மிகைப்படுத்தவில்லை. குடும்பத்தின் முகவரி வெளியே தெரிந்ததால் நின்றுபோன கல்யாணங்கள் உண்டு.

குடியிருப்பில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். உங்கள் அன்பு ஜெபத்துக்குக் கூலியாக இருக்கக் கூடாது. ஜெபம் கேட்டால் ஜெபியுங்கள். கேட்காதவரிடம் கைப்பிரதியை நீட்டிவிட்டு அரிசியைக் கொடுப்பது, இயேசு செய்த எதைப் போலவும் இல்லை.

பேச்சில் ஒரு கவனம் தேவை. நோயின் பெயரால் யாரையும் அழைக்காதீர்கள். அய்யா, அம்மா, அண்ணாச்சி, அக்கா, பாட்டி என்று வெளியில் மற்றவர்களை எப்படி அழைப்பீர்களோ அப்படியே அழையுங்கள். பெயரைக் கேட்டு அடுத்த முறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: முதல் சந்திப்பு

அவர்கள் திண்ணையில் இருந்தால் நீங்களும் திண்ணையில், தரையில் இருந்தால் தரையில். நின்றுகொண்டு பேச வேண்டாம். அவர்கள் கும்பிட்டால் திரும்பக் கும்பிடுங்கள், பிறகு கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடியை இறுக்க வேண்டாம். அழுத்தம் அவருக்குத் தெரியாது, தோல் எளிதில் கிழியும். சில பேர் உங்களுக்காகக் கையை முந்தானைக்குள்ளோ துண்டுக்குள்ளோ மறைத்துக்கொள்வார்கள். அப்போது வற்புறுத்தி இழுக்காமல் தோளில் மெதுவாகக் கையை வையுங்கள்.

பால் பிராண்ட் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைப் பலமுறை சொல்லியிருக்கிறார். வேலூரில் ஓர் இளைஞனின் தோளில் கைபோட்டபடி சிகிச்சை முறையை விளக்கிக்கொண்டிருந்தார். அவன் தேம்பி அழத் தொடங்கினான். தப்பாக ஏதும் சொல்லிவிட்டேனோ என்று மொழிபெயர்த்தவரிடம் கேட்டார். "நீங்க தோளில் கைவைச்சதுக்குத்தான் அழுறான். இங்கே வர்றவரைக்கும் இவனை யாரும் பல வருஷமாத் தொட்டதில்லையாம்" என்று பதில் வந்தது.

என்ன பேசுவது என்று திகைக்காதீர்கள். ஊரைக் கேளுங்கள். "உங்களுக்கு எந்த ஊரு அய்யா?" என்று தொடங்கினால், அந்த ஊர்க் குளம், கோவில் கொடை, அந்தக் காலத்து மழை என்று பேச்சு தானாக நீளும். நோய் எப்போது வந்தது, வீட்டில் யார் விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேட்காதீர்கள். சொல்லத் தோன்றும்போது அவர்களே சொல்வார்கள். சிலர் ஐந்தாவது சந்திப்பில்தான் சொல்வார்கள். சிலர் சொல்லவே மாட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

பிறகு டீ வரும். இதுதான் உண்மையான சோதனை. "இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்று நாசூக்காகத் தட்டிக்கழிக்கும் விருந்தாளிகளை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். வாங்கிக் குடியுங்கள். முறுக்கு வைத்தால் சாப்பிடுங்கள். அடுத்த முறை, "பாட்டி, மத்தியானம் உங்க வீட்டுலதான் சாப்பாடு" என்று உரிமையோடு சொல்லும் நிலை வந்துவிட்டால், நீங்கள் சீமோன் வீட்டை நெருங்கிவிட்டீர்கள்.

அங்கிருந்து கிளம்பும்போது பெரிய வாக்குறுதி எதுவும் வேண்டாம். வீடு கட்டித் தருகிறோம், பென்ஷன் வாங்கித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அங்கே ஏராளம். அடுத்து எந்த நாள் வருவீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். அந்த நாளில் மழை பெய்தாலும் போய்விடுங்கள்.

நான்காம் படி: கால்களைக் கவனியுங்கள்

சில மாதங்கள் பழகிய பிறகு, கையால் செய்யக்கூடிய ஒரு வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. கால் கழுவும் ஆராதனையைப் பெரிய வியாழன் அன்று சபையில் நடத்துகிறோம். இங்கே அதை ஆண்டு முழுவதும் செய்யலாம், அதனால் ஒரு காலையே காப்பாற்றவும் முடியும். முதலில் தொழுநோய் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உள்ள பணியாளர் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொண்டு தொடங்குங்கள்.

உணர்ச்சியற்ற பாதத்தில் வியர்வை சுரக்காது. தோல் வறண்டு, தடித்து, வெடிக்கும். வெடிப்பு ஆழமாகிப் புண்ணாகும். வலிக்காததால் அவர் அதே காலை ஊன்றி நடந்துகொண்டே இருப்பார். புண் எலும்பு வரை போகும். இதைத் தடுக்கும் வழி மிக எளியது. சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு கால்களையும் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். வெந்நீர் கூடவே கூடாது. சூடு அவருக்குத் தெரியாது, கொப்பளித்துவிடும். ஊறியதும் தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். பிளேடு வேண்டாம். ஈரம் முழுக்க உலர்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் அந்த ஈரப்பதம் தோலுக்குள்ளேயே தங்கும். கைகளுக்கும் இதே முறைதான். இதைத் தினமும் செய்ய வேண்டும். நீங்கள் வாரம் ஒருமுறைதான் போக முடியும் என்பதால், அவரே செய்துகொள்ளவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்துவிடவும் பழக்கப்படுத்துங்கள். நாலைந்து பேர் திண்ணையில் வட்டமாக உட்கார்ந்து, வாளியில் கால் வைத்தபடி பேசிக்கொண்டிருப்பது சில குடியிருப்புகளில் அன்றாட வழக்கமாகவே ஆகியிருக்கிறது. அதில் நீங்களும் ஓர் ஆளாக உட்காரலாம்.

ஊறவைக்கும்போதே பாதத்தின் அடியைப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், கொப்புளம், ஒட்டிய முள், கண்ணாடித் துண்டு ஏதாவது இருக்கிறதா? கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கு ஒரு சிறிய கைக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். புறங்கையால் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே புண் தயாராகிறது, அந்தக் காலுக்கு ஓய்வு வேண்டும். புண் இருந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, காலை ஊன்றாமல் இருக்கச் சொல்லுங்கள். நாற்றம், சீழ், காய்ச்சல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஓய்வு எடுக்கச் சொல்வது எளிது. தண்ணீர் எடுக்கவும் ரேஷன் வாங்கவும் அவர்தானே நடக்க வேண்டும்? புண் ஆறும் வரை அந்த வேலைகளை உங்கள் வாலிபர்கள் முறைபோட்டுச் செய்தால், எந்த விலையுயர்ந்த மருந்தையும்விட அது பயன் தரும்.

செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிருதுவான ரப்பர் அடிப்பாகம் உள்ள எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பு அரசுத் திட்டத்தில் கிடைக்கிறது. சிலர் அதை வாங்கி மூலையில் போட்டுவிடுவார்கள். கொடுத்ததை மதிக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். பழைய மாதிரிக் கறுப்புச் செருப்பைப் பார்த்ததும் பஸ்ஸில் ஆட்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்பதால்தான் அவர் அதைப் போடுவதில்லை. அதே ரப்பரை உள்ளே வைத்து, வெளியே கடைச் செருப்பு மாதிரி தைத்துக் கொடுக்கச் செருப்புத் தைக்கும் தொழிலாளியால் முடியும். ஆணி அடிக்கக் கூடாது என்பதை மட்டும் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்கு அவர்கள் வரும்போது எவர்சில்வர் டம்ளரில் சுடச்சுடக் காப்பி கொடுக்காதீர்கள். கைப்பிடி உள்ள கோப்பையில் கொடுங்கள். குடியிருப்பில் சமைக்கும் பெண்களுக்கு மரக் கைப்பிடி வைத்த பாத்திரமும் தடித்த பிடிதுணியும் கொடுக்கலாம். கிறிஸ்துமஸ் அன்பளிப்பாக என்ன கொடுக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவற்றைத்தான்.

கண் இமை மூடாதவர்களும் இருப்பார்கள். தூசு படுவதும் கண் உலர்வதும் மெல்லப் பார்வையைப் பறித்துவிடும். வெளியே போகும்போது கண்ணாடி, இரவில் சுத்தமான துணியால் மூடல், கண் சிவந்தால் அன்றே மருத்துவர்.

ஐந்தாம் படி: அலுவலகங்களுக்குக் கூடப் போங்கள்

படித்த சபையினர் மிக நன்றாகச் செய்யக்கூடியது இது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அதில் உண்டு. வெளியே தெரியும் ஊனம் இல்லாமல் கை கால்களில் உணர்ச்சி இழப்பு மட்டும் இருந்தாலும் அந்த வரையறைக்குள் வருவார்கள். பல முதியவர்களுக்கு இது தெரியாது. அரசு மருத்துவமனையில் சான்று பெற்று, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையைக் கேளுங்கள். மடங்கிய கையை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்காக அரசு ஒரு தொகை தருகிறது, அதையும் விசாரியுங்கள்.

விரல் ரேகை பெரிய தடை. விரலே இல்லாதவரிடம் ரேகை கேட்கும் இயந்திரத்தின் முன் அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கப் பொறுக்காது. ஆதாரில் கருவிழிப் பதிவு உண்டு, பதிய முடியாதவர்களுக்கு விதிவிலக்குப் பதிவும் உண்டு. ரேஷன் கடைக்கு வர இயலாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தமக்குப் பதிலாகப் பொருள் வாங்க ஒருவரை நியமித்து அங்கீகாரம் பெறலாம். ஊழியரோடு சண்டை போடாதீர்கள். விதியைத் தெரிந்துகொண்டு போய்ப் பணிவாகவும் விடாமலும் கேளுங்கள். முதியவரை வெளியில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போய்ப் பேசாதீர்கள். நாற்காலியைக் கேட்டு வாங்கி அவரை உட்காரவைத்து, அவரையே பேசவிடுங்கள்.

சட்டங்களும் மெல்ல மாறி வந்திருக்கின்றன. தொழுநோயாளிகளைப் பிடித்து ஒதுக்கிவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் ரத்தானது. வாழ்க்கைத் துணைக்குத் தொழுநோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்ற விதி 2019 வரை இருந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலும் அது இருந்தது. சுகவீனத்திலும் பிரியேன் என்று ஆலயத்தில் வாக்குக் கொடுத்த நம் ஜனங்களின் சட்டத்தில் அது இருந்ததை நினைத்தால் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

ஆறாம் படி: அவர்கள் உங்கள் சபைக்கு வரட்டும்

நீங்கள் எத்தனை தடவை போனாலும், அவர்கள் ஒரு தடவையும் உங்கள் ஆலயத்தின் நடுவரிசையில் உட்காரவில்லை என்றால் வேலை பாதியில்தான் நிற்கிறது. குடியிருப்புக்குள்ளேயே தனி ஜெப ஆலயம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆலயங்கள் அவர்களைத் தாங்கியவை, அவற்றை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் ஊருக்கு வெளியே பாடட்டும், நாம் ஊருக்குள் பாடுவோம் என்ற ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் போதகரோடு பேசுங்கள். தொழுநோயைப் பாவத்துக்கு உவமையாக்கும் பிரசங்கம் நம் பிரசங்க பீடங்களில் இன்னும் கேட்கிறது. லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் சொல்லப்படுவது துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட வரும் ஒன்று. ஹான்சன் கண்ட கிருமியால் வரும் நோயை அதோடு ஒன்றாக்கிவிட முடியாது. பின்வரிசையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கும்போது அவருடைய உடம்பைப் பாவத்தின் படமாக விவரித்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று போதகரிடம் அன்பாகக் கேளுங்கள். பெரும்பாலான போதகர்கள் இதை யோசித்தே இருக்க மாட்டார்கள், சொன்னால் மாற்றிக்கொள்வார்கள்.

திருவிருந்தில் பாத்திரத்தைப் பற்றிய பயம் எழும். குணமானவரிடமிருந்து நோய் வராது என்பதை மருத்துவர் ஒருவரை அழைத்துச் சபைக் கூட்டத்தில் சொல்லச் சொல்லுங்கள். ஜனவரி 30 இந்தியாவில் தொழுநோய் ஒழிப்பு தினம்; அதை ஒட்டிய ஞாயிறு இதற்குப் பொருத்தம். அப்பத்தை வாங்கக் கை குவியாதவர்களிடமும் சின்னக் கிண்ணத்தைப் பிடிக்க முடியாதவர்களிடமும் எப்படிக் கொடுத்தால் சௌகரியம் என்று போதகர் முன்னதாகவே தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். எல்லோர் முன்னிலையிலும் தடுமாற விடக் கூடாது.

அசனப் பண்டிகை வைக்கும் சபைகளுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்குத் தனியாகப் பார்சல் கட்டி அனுப்பாதீர்கள். பந்தியில் கூட உட்காரவைத்துப் பரிமாறுங்கள். சோறும் கறியும் அன்று எல்லோருக்கும் ஒன்றுதான். கையால் அள்ளிச் சாப்பிடச் சிரமப்படுகிறவர் பக்கத்தில் ஸ்பூன் ஒன்றைச் சத்தமில்லாமல் வையுங்கள். கீத பவனி போகும் இரவில் அவர்கள் தெருவையும் மற்றத் தெருக்களின் வரிசையில் சேருங்கள், கடைசியாகத் தள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை நேரில் போய் வையுங்கள். அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் பாடைக்குத் தோள் கொடுங்கள்.

குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகள் ஆரோக்கியமானவர்கள். படித்தவர்களும் நிறைய. "பாவம் அந்தப் பிள்ளைகள்" என்று ஒதுக்காமல், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராகவும் பாடகர் குழுவிலும் சபைக் கமிட்டியிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கக்கூடிய நிலையில் உள்ள சபையினர், குடியிருப்பின் முகவரியைப் பார்த்து விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடாதிருக்கட்டும்.

ஏழாம் படி: உங்கள் தெருவிலேயே ஒருவருக்கு வந்தால்

இந்த நோய் குடியிருப்புகளில் மட்டும் இல்லை. உங்கள் சபையிலேயே ஒருவருக்கு வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருக்கலாம். அரிக்காது, வலிக்காது, தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கும். கை கால் மரத்துப்போவது, பட்டன் போட முடியாமல் போவது, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுபோவது இவையும் அறிகுறிகளாக இருக்கலாம். தனியாக அழைத்து, "ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம், நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஜெபக் குறிப்பாகக்கூட அவருடைய பெயரை வெளியே சொல்லாதீர்கள்.

மாத்திரை தொடங்கிய பின் சிறுநீர் சிவந்த நிறத்தில் போகும், பயப்பட ஒன்றுமில்லை. க்ளோஃபாசிமினால் தோல் கறுக்கும். இங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அக்கம்பக்கத்தில் கேள்வி வருகிறதே என்று. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் நிறம் திரும்பிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வீட்டில் உடன் வாழ்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும். அவர்களுக்கு நோய் வராமல் தடுக்க ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தரும் முறை இப்போது உண்டு.

சிகிச்சைக்கு நடுவிலோ முடிந்த பின்னரோ தேமல் திடீரென்று சிவந்து வீங்கினால், நரம்பு வலித்தால், கையோ காலோ திடீரெனப் பலம் இழந்தால், கண் சிவந்து வலித்தால் அது எதிர்வினை, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமிக்கு எதிராகத் திடீரெனப் பொங்குவது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உடனே ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் நரம்பைக் காப்பாற்றிவிடலாம். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடும். மாத்திரை முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகும் இது வரலாம். ஆகவே அவருடைய மாத்திரை அட்டை தீர்ந்ததும் விட்டுவிடாமல், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையைப் பிடித்து, "விரல் எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.